கூம்பற்ற கூம்புப்பூ

அமெரிக்கத் தோட்டக்கலை வணிகம் கடந்த இருபது ஆண்டுகளாகத் தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு பொய்யைச் சொல்லி வருகிறது. விலை கொடுத்து வாங்கி நட்ட எக்கினேசியா அடுத்த வசந்தத்தில் தளிர்க்கவில்லையென்றால் பிழை நட்டவருடையது என்பதே அது. மண் களியாக இருந்திருக்கும், நீர் மிகுந்திருக்கும், மூடாக்கு செடியின் கழுத்தை அடைத்திருக்கும், நட்ட மாதம் பிந்தியிருக்கும். காரணங்களின் பட்டியல் மிக நீளமானது. விற்கப்பட்ட செடியிலேயே பிழை இருக்கலாம் என்ற ஒரு காரணம் மட்டும் அதில் இடம்பெறுவதில்லை. அந்த விடுபடலைப் பற்றியதே இக்கட்டுரை.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இயற்கை குறித்த எழுத்தைப் பற்றி நாம் இங்கே விரிவாகப் பேசி வருகிறோம். அவ்வெழுத்தில் பூத்தவற்றுக்கு மட்டுமே இடம் என்பது என் நெடுநாள் குறை. இரு தோட்டக்காரர்கள் வேலியோரம் நின்று பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் செத்த செடிகளைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். அந்தப் பேச்சு அச்சில் ஏறுவதில்லை. அச்சில் ஏறுபவை விற்பனைப் பட்டியலின் வண்ணப்படங்களும் அவற்றின் கீழுள்ள பெயரடைகளும். எந்தச் சொல் நிலைக்கிறது, எந்தச் சொல் காற்றோடு போகிறது என்பது நம் கவலைக்குள் வராத விஷயமா என்ன?

அமெரிக்கர்கள் கோன்ஃப்ளவர் என்று அழைக்கும் இச்செடியைக் கூம்புப்பூ என்றே எழுதுகிறேன். வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் மட்டுமே இயற்கையாக வளரும் பேரினம் இது. ஒன்பது இனங்கள் என்பது பரவலான கணக்கு. இன்று தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஊதா இனத்தை லின்னேயஸ் 1753இல் ருட்பெக்கியாவோடு சேர்த்து வைத்தார். 1794இல் ஜெர்மானியரான கோன்ராட் மோஞ்ச் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து எக்கினேசியா என்று பெயரிட்டார். எக்கினோஸ் என்பது கிரேக்கத்தில் முள்ளெலி. விறைத்த செம்மஞ்சள் முனைகள் குத்திட்டு நிற்கும் அந்த நடுக் கூம்பைப் பார்த்து வைக்கப்பட்ட பெயர் அது. கிரேக்கத்தில் அழைத்தாலும் ஆங்கிலத்தில் அழைத்தாலும் இந்தப் பூவின் அடையாளம் கூம்புதான், இதழ் இல்லை. இதை வாசகர் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இதை ஒரு பூ என்று சொல்வதுகூட வழக்கு வசதிக்காகத்தான். நாம் பூ என்று காண்பது சில நூறு சிறுபூக்களின் கூட்டம். ஓரத்தில் தொங்கும் ஊதா இதழ்கள் ஒவ்வொன்றும் ஒரு மலட்டுச் சிறுபூ. அவற்றின் வேலை தூரத்திலிருந்து அழைப்பது மட்டுமே. மகரந்தம், தேன், விதை எல்லாம் கூம்பில் இருக்கின்றன. கூம்பின் சிறுபூக்கள் அடியோரத்தில் தொடங்கி உச்சி நோக்கி வரிசை வரிசையாகத் திறக்கின்றன. எனவே ஒரே பூ பல நாட்களுக்குப் பந்தி போடுகிறது. தேனீ அதன்மேல் வட்டமிட்டு நடப்பதைப் பார்த்தால் அன்றைக்குத் திறந்த வரிசை எதுவென்று தெரிந்துவிடும். இலையுதிர் காலத்தில் கூம்பு கறுத்து விறைத்து நிற்கும்போது கோல்ட்ஃபின்ச் என்கிற மஞ்சள் குருவி தலைகீழாகத் தொங்கியபடி விதைகளை உருவித் தின்னும். தோட்டக்காரர்கள் பலர் காய்ந்த தண்டுகளைப் பனிக்காலம் முழுவதும் வெட்டாமல் விட்டுவைப்பது இதற்காகவே.

இச்செடியின் வீடான புல்வெளி இன்று அநேகமாக இல்லை. ஜான் டீர் 1837இல் இல்லினாய் மாநிலத்தில் எஃகுக் கலப்பையைச் செய்தார். நெருங்கிப் பின்னிய புல்வேர்களைக் கிழிக்க அதுவரை எந்தக் கலப்பையாலும் எளிதில் முடிந்ததில்லை. அம்மாநிலத்தில் ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்ததாகக் கணக்கு. நல்ல நிலையில் எஞ்சியிருப்பது ஏறக்குறைய 2,500 ஏக்கர். மாநிலத்தின் செல்லப்பெயர் மட்டும் இன்றும் 'புல்வெளி மாநிலம்'. உழவுக்குத் தப்பிய துண்டுகள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் கிடக்கின்றன. 1949இல் வெளிவந்த ஆல்டோ லியோபோல்டின் நூலை வாசித்தவர்களுக்கு அந்த விஸ்கான்சின் கல்லறையின் மூலையில் தனித்து நின்ற சில்ஃபியம் செடி நினைவுக்கு வரும். புல்வெளியை அழித்த சமூகத்தின் வீட்டுத் தோட்டத்தில் புல்வெளியின் ஒரே பிரதிநிதியாகப் பல இடங்களில் நிற்பது கூம்புப்பூதான். அதை என்ன செய்கிறோம் என்ற கேள்வியின் கனம் இங்கிருந்து வருகிறது.

2000ஆம் ஆண்டுக்கு முன்னால் கூம்புப்பூ வகைகள் அதிகமில்லை. சுவீடனைச் சேர்ந்த மாக்னஸ் நில்சன், இதழ்கள் தொங்காமல் கிடையாக நீளும் செடிகளை ஆண்டுக்கணக்கில் பொறுக்கியெடுத்து உருவாக்கிய 'மாக்னஸ்' 1998இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கத்தின் ஆண்டுச் செடியாகத் தேர்வு பெற்றது. அது ஊதா இனத்துக்குள்ளேயே நடந்த தேர்வு. என் தெருவில் நடப்பட்ட 'மாக்னஸ்' செடிகளில் செத்தவற்றை நான் கண்டதில்லை. பெருகிப்போய்ப் பிடுங்கி எறியப்பட்டவற்றைக் கண்டிருக்கிறேன்.

பிறகு செம்மஞ்சள் வந்தது. ஓசார்க் மலைப்பகுதியின் வறண்ட பாறைத் திறப்புகளில் வளரும் பாரடாக்ஸா என்ற மஞ்சள் இனத்தை ஊதா இனத்தோடு கலந்து சிகாகோ தாவரவியல் தோட்டத்தின் ஜிம் ஆல்ட் உருவாக்கிய 'ஆரஞ்ச் மெடோபிரைட்' 2004இல் சந்தைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அட்லாண்டாவிலிருந்து 'பிக் ஸ்கை' வரிசை. அதன்பின் அணை உடைந்தது. ஒரேகனிலும் நெதர்லாந்திலும் இருந்து ஆண்டுதோறும் புதிய நிறங்கள்: 'டொமேட்டோ சூப்', 'மேக் அண்ட் சீஸ்', 'ஹாட் பப்பாயா', 'குவாவா ஐஸ்'. செடிப் பட்டியலா உணவு விடுதியின் விலைப்பட்டியலா என்று ஐயுறும் அளவுக்கு. தின்று தீர்க்கப்படுபவற்றின் பெயர்களையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதில் அவர்கள் அறியாத ஒரு நேர்மை உண்டு.

தோட்டக்காரர்களின் அனுபவம் என்ன? சிகாகோவுக்கு மேற்கே கனத்த களிமண்ணில் தோட்டம் போடுபவன் நான். மூல ஊதா இனம் எந்தக் கவனிப்புமின்றித் தன்னைத் தானே விதைத்துக்கொண்டு அங்கே பெருகுகிறது. அதே பாத்தியில், அதே மூடாக்கின்கீழ் நான் நட்ட செம்மஞ்சள், மஞ்சள் கலப்பினங்கள் ஐந்தில் இரண்டாம் வசந்தத்தைக் கண்டது ஒன்று. மூன்றாம் வசந்தத்தைக் கண்டது எதுவுமில்லை. விற்ற பண்ணையில் போய்ச் சொன்னபோது களிமண்தான் காரணம் என்றார்கள். மூல இனமும் அதே களிமண்ணில் ஒரு முழம் தள்ளி நிற்கிறதே என்றேன். "அது வேறு செடி" என்று பதில் வந்தது. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! ஒரே மண், ஒரே மழை, ஒரே கை. செடி மட்டும் வேறு. தோட்டக்காரர் ஒருவர் தன் பாத்தியில் இவ்விரண்டையும் அருகருகே நடும்போது, தெரிந்தோ தெரியாமலோ, ஆய்வகத்தில் செய்வதைப் போன்ற ஓர் ஒப்பீட்டை நடத்திவிடுகிறார். அதன் முடிவை "உங்களுக்குக் கைராசி இல்லை" என்று தள்ளுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

கலப்பினம் வளர்த்த பலரும் சொல்லும் இன்னொரு கதை உண்டு. செம்மஞ்சளாக வாங்கிய செடி மூன்றாம் ஆண்டில் ஊதாவாக மாறிவிட்டது என்பார்கள். செடி நிறம் மாறுவதில்லை. வாங்கிய செடி பனிக்காலத்தில் செத்திருக்கிறது. பக்கத்து ஊதாச் செடியின் விதையோ, கலப்பினமே உதிர்த்த விதையோ அந்த இடத்தில் முளைத்திருக்கிறது. வாங்கியவர் தன் செடி இறந்ததைக்கூட அறியாமல் அதன் வாரிசுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இத்தகையவர்களை விற்பனையாளர்கள் 'நிறைவடைந்த வாடிக்கையாளர்' கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏன் சாகின்றன? காரணம் மர்மமானதல்ல. ஊதா இனம் சல்லிவேர் கொண்டது. ஓரளவு ஈரமான, காட்டோரத்து மண்ணுக்குப் பழகியது. பாரடாக்ஸா ஆழமான ஆணிவேர் கொண்டது. மழைநீர் நில்லாமல் வழிந்தோடும் கல் நிலத்துக்குரியது. நிறத்துக்காக இவற்றைக் கலந்தவர்கள் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், வேரைப் பார்க்கவில்லை. குளிர் மட்டுமே கொல்வதில்லை. உறைவதும் உருகுவதுமாக மாறிமாறி வரும் பனிக்கால ஈரமே செடியின் கழுத்தை அழுகச் செய்கிறது. மினசோட்டாவில் கடுங்குளிரில் வாழும் நண்பர் ஒருவர் நான் இழந்த வகையொன்றை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தார். நவம்பரில் விழும் பனி மார்ச்வரை அசையாமல் மூடிக்கிடப்பதே காரணம் என்பது அவர் எண்ணம்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கூம்புப்பூவின் பூத்த தண்டு பனிக்காலத்தில் இறந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான உயிர் அதன் அடியில் உருவாகும் மொட்டுகளில் இருக்கிறது. திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கி, பசுமைக் குடிலில் உரமும் வெப்பமும் கொடுத்து, ஜூலையில் தொட்டியோடு பூத்து நிற்கும்படி விரட்டப்பட்ட செடி தன் சேமிப்பையெல்லாம் பூவில் செலவழித்துவிடுகிறது. அடிமொட்டு விடுவதற்கு அதனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. எனவேதான் முதலாண்டில் வரும் பூத்தண்டுகளை வெட்டிவிடுங்கள், செடி வேர்பிடிக்கட்டும் என்ற அறிவுரை தோன்றியது. அறிவுரை சரியானது. நானும் பிறருக்கு அதையே சொல்கிறேன். ஆனால் அதன் பொருளை யோசித்துப் பாருங்கள்: பூவைக் காட்டி விற்கிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பூவை வெட்டு என்கிறார்கள். செய்யாதவர் செடியைக் கொன்ற பாவி. பண்ணையில் செய்திருக்க வேண்டிய வேலையை வாங்கியவரின் கத்தரிக்கோலுக்குத் தள்ளிவிட்டு, அதையே குற்றப்பத்திரிகையாகவும் மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் இது.

இனி அடுக்குப் பூக்கள். நெதர்லாந்தில் யான் வான் வின்சனின் வயலில் கண்டெடுக்கப்பட்ட 'ரஸ்மட்டாஸ்' இவ்வகையில் முன்னோடி. கூம்பின் சிறுபூக்களே இதழ்களாகத் திரிந்து, நடுவில் ஒரு பஞ்சுருண்டையைப் போல எழும்பும். தமிழில் 'அடுக்கு' என்ற அழகான சொல் நமக்கிருக்கிறது. அடுக்குமல்லி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி என்று தலைமுறைகளாகக் கொண்டாடி வரும் மரபிலிருந்து வந்தவன் என்பதால் அடுக்கின்மீது எனக்குப் பொதுவான பகை ஏதுமில்லை. அடுக்குமல்லி தொடுக்கப்படுவதற்காகவே வளர்க்கப்படுகிறது. அதன் விதையை யாரும் எதிர்பார்ப்பதில்லை, பதியமிட்டுக்கொள்கிறோம். தேனீக்காக நட்டேன் என்று எவரும் சொல்வதுமில்லை. கூம்புப்பூவின் சீட்டிலோ வண்ணத்துப்பூச்சியின் படமும் பறவையின் படமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. மகரந்தமும் தேனும் தரும் சிறுபூக்கள் இதழ்களாக மாறிவிட்ட ஒரு செடியின் தொட்டியில் அதே சீட்டைச் செருகுவதற்கு என்ன பெயர் சொல்வது?

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆனி ஒயிட் 2016இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் மூலச் செடிகளையும் அவற்றின் தோட்ட வகைகளையும் அருகருகே வளர்த்து வரும் பூச்சிகளை எண்ணினார். 'பிங்க் டபுள் டிலைட்' என்ற அடுக்கு வகைக்கு வந்த பூச்சிகள் மூல இனத்துக்கு வந்தவற்றைவிட மிகக் குறைவு. டெலவர் மாநிலத்தின் மவுண்ட் கியூபா மையம் நடத்திய சோதனையிலும் அடுக்குப் பூக்களைப் பூச்சிகள் பெரிதும் தவிர்த்தன. இதைக் காண ஆய்வும் வேண்டியதில்லை. ஓர் ஆகஸ்ட் காலையில் இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் நின்றால் போதும். எனக்கு எரிச்சலூட்டுவது பெயர்தான். கூம்பை அகற்றிவிட்டு அதைக் கூம்புப்பூ என்று விற்கிறார்கள். 'கோன்' என்ற சொல்லையும் தின்பண்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிச் சிலேடையாக 'கோன்ஃபெக்ஷன்ஸ்' என்று ஒரு வரிசைக்கே பெயரிட்டிருக்கிறார்கள். சிலேடையில் கூம்பு இருக்கிறது, செடியில் இல்லை.

கூம்புப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். விதை பிடிக்க இன்னொரு செடியின், அதுவும் பொருந்தக்கூடிய செடியின், மகரந்தம் வேண்டும். திசு வளர்ப்பில் பெருக்கிய ஒரு வகையின் நூறு தொட்டிகளும் மரபளவில் ஒரே செடி. ஒரு குடியிருப்பின் வாசல்கள் முழுவதும் அதே வகையை வரிசையாக நட்டால் அங்கே நிற்பது ஒரு செடியும் அதன் தொண்ணூற்றொன்பது நிழல்களும்தான். குருவி வந்து கொத்தும்; கூம்பில் சொத்தை விதையே இருக்கும்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். ஆஸ்டர் மஞ்சள் நோய் தாக்கினால் கூம்பின் மேலிருந்து பச்சைக் கொத்துகள் முளைக்கும். பூ இலையாகத் திரியும். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரே காரணம். எள் வயலில் பூவெல்லாம் இலையாகிப் போவதையும் கத்தரியின் சிற்றிலை நோயையும் கண்ட நம் விவசாயிகளுக்கு இது அந்நியமான காட்சி அல்ல. மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அழிப்பதொன்றே வழி. இந்நோய் மூல இனத்தையும் விடுவதில்லை என்பதால் இதைக் கலப்பினத்தின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் நோயுற்ற செடியின் பச்சைக் கொத்தைப் பார்த்துப் 'புதிய வகையோ' என்று வியந்த ஒருவரை அறிவேன். அப்படி நினைத்ததில் தவறில்லை. அவ்வாண்டின் பட்டியலில் அதைவிட விநோதமான படங்கள் இருந்தன.

இப்போது மறுதரப்பு. தோட்ட வகை எதுவானாலும் மாசு, மூல இனத்தைத் தவிர வேறெதையும் நடக்கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகள் இங்கே பெருகி வருகிறார்கள். மண்ணுக்குரிய செடியின் தோட்ட வகையைக் குறிக்க 'நேட்டிவார்' என்ற ஒட்டுச் சொல்லை அவர்கள் வசைபோலப் பயன்படுத்துகிறார்கள். என்னை அவர்களோடு சேர்த்துவிட வேண்டாம். மேலே சொன்ன மவுண்ட் கியூபா மையம் 2007 முதல் 2009 வரை ஒருமுறையும், 2018 முதல் 2020 வரை மறுமுறையும் கூம்புப்பூக்களைச் சோதித்தது. இரண்டாம் முறை சோதிக்கப்பட்டவை 75. முதலிடத்தில் வந்த 'பிக்கா பெல்லா' ஒரு தோட்ட வகை. வெண்ணிற 'ஃபிராக்ரன்ட் ஏஞ்சல்' பூச்சிகள் மிகுதியாக வந்த செடிகளில் ஒன்று. அதுவும் தோட்ட வகையே. சில கலப்பினங்களும் முன்வரிசையில் இடம்பெற்றன. 2004இன் கலப்பினங்களைவிடப் பின்னால் வந்தவை சில உறுதியானவை என்பதைத் தோட்டக்காரர்களும் சொல்கிறார்கள். எனவே பிரச்சினை மனிதக்கை பட்டதா இல்லையா என்பதில் இல்லை. கூம்பு இருக்கிறதா, மூன்று பனிக்காலம் தாங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது. தூய்மைவாதி இவ்விரண்டையும் கேட்பதில்லை, பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார். பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கும் வாதங்களின் வரலாறு நமக்குத் தெரியாததல்ல.

வணிகம் இச்செடியிடம் இப்படி நடந்துகொள்வது முதல்முறையும் அல்ல. சமவெளிப் பழங்குடிகள் பல்வலிக்கும் தொண்டைப்புண்ணுக்கும் பாம்புக்கடிக்கும் குறுகிய இலை இனத்தின் வேரைப் பயன்படுத்தினார்கள். 1880களில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த மேயர் என்பவர் அதை 'ரத்த சுத்தி' மருந்தாகப் புட்டியில் அடைத்து விற்றார். சின்சினாட்டியின் லாயிட் சகோதரர்கள் அதை மருந்துத் தொழிலுக்குள் கொண்டுவந்தார்கள். நூறாண்டுக்குப் பின், 1990களின் இறுதியில், வேரின் விலை ஏறியபோது மொன்டானாவிலும் வடக்கு டகோட்டாவிலும் இரவோடிரவாக அகழ்ந்து சென்றார்கள். முதல் வணிகம் வேரை எடுத்தது, இரண்டாவது கூம்பை எடுத்தது. மீதமிருந்தது அம்மக்களின் பெயர்கள்; அவையும் இப்போது சீட்டில் ஏறிவிட்டன. 2010இல் விருது பெற்ற வகையின் பெயர் 'பவ்வாவ்'. 2013இல் விருது பெற்றது 'ஷையன் ஸ்பிரிட்'. இன்னொரு வரிசைக்கு 'லகோட்டா' என்றே பெயர். புல்வெளியிலிருந்து துரத்தப்பட்ட மக்களின் பெயர் தாங்கிய செடி, புல்வெளியை அழித்துக் கட்டிய புறநகரில், இரண்டு பருவம் பூத்துச் சாகிறது. நான் உருவகம் எதையும் புனையவில்லை. தொட்டியில் செருகிய சீட்டை வாசிக்கிறேன், அவ்வளவே.

அந்தச் சீட்டில் இன்னொரு வரி பொடியெழுத்தில் இருக்கும்: காப்புரிமை பெற்றது, பெருக்குவது தடைசெய்யப்பட்டது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய உரிமை. இன்றைய கணக்கில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். வேர்க்கட்டைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் பெருக்குவதே. தோட்டக்காரர்களின் உலகமே பிரித்துக் கொடுத்தலில் நடப்பது. என் தோட்டத்திலுள்ள ஊதாச் செடிகள் எதிர்வீட்டுப் பாட்டி காகிதப் பையில் கொடுத்த விதைகளிலிருந்து வந்தவை. புதிய வகைகளை இப்படிக் கொடுக்கவும் முடியாது, விதையில் அவை தம்மைப் போலவே முளைப்பதும் இல்லை. உழைத்து உருவாக்கியவருக்கு உரிமை வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வரவேண்டும் என்பதுதான். இருபது ஆண்டு உரிமை கேட்பவர் மூன்றாண்டுப் பனிக்காலச் சோதனையைக் காட்டட்டும். "வாடிக்கையாளர் புதுமை கேட்கிறார், நாங்கள் தருகிறோம்" என்பதும் பழைய சமாதானமே. 'பல்லாண்டுத் தாவரம்' என்று சீட்டில் எழுதியவர் வாடிக்கையாளர் அல்லர். ஓராண்டுச் செடி என்று எழுதி, பாதி விலைக்கு விற்றால் எவருக்கும் புகார் இராது. சாமந்தியை நாம் அப்படித்தானே வாங்குகிறோம்.

வேறு விதமாகவும் இச்செடியோடு வாழ முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட டென்னஸீ கூம்புப்பூ 1960களின் இறுதியில் நாஷ்வில் அருகே சுண்ணாம்புப் பாறைத் திறப்புகளில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1979இல் அழிவுநிலைப் பட்டியலில் ஏறி, 2011இல் மீட்சி பெற்றதென நீக்கப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள். மேற்கு மினசோட்டாவில் ஸ்டுவர்ட் வாகேனியஸும் குழுவினரும் துண்டுபட்ட புல்வெளிகளில் எஞ்சிய குறுகிய இலை இனத்தை 1990களின் நடுவிலிருந்து தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். தீ வைக்கப்பட்ட புல்வெளியில் அடுத்த கோடையில் செடிகள் ஒருசேரப் பூப்பதையும், அதனால் தகுந்த துணையின் மகரந்தம் கிடைத்து விதை பெருகுவதையும் 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1996இல் நட்ட செடிகளை ஆண்டுதோறும் தேடிப்போய் அளக்கிறார்கள். உயிரோடிருப்பது, பூத்தது, பூக்காதது, காணாமல்போனது என எல்லாவற்றுக்கும் அவர்களுடைய ஏட்டில் இடமுண்டு.

விற்பனைப் பட்டியல்களில் அப்படி ஓர் ஏடு வரும்வரை தோட்டக்காரர்களே அதை எழுத வேண்டியிருக்கிறது. நட்ட ஆண்டு, வகையின் பெயர், மண், எத்தனை வசந்தம் கண்டது, பூச்சி வந்ததா, குருவி வந்ததா. செத்திருந்தால் செத்த மாதம். வாசகர்களில் கூம்புப்பூ வளர்ப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். செம்மஞ்சள் கலப்பினம் ஒன்றை ஐந்து பனிக்காலங்களுக்கு மேல் வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அதன் பெயரையும் உங்கள் மண்ணின் தன்மையையும் முதலில் எழுதுங்கள்.